எங்கள் வயதில் வரும் நோய்

போர்ட் பிளேரில் நான் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது கல்லூரியில் புற்றுநோய் விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று நடந்தது. அட்டெண்டன்ஸ் உண்டு என்று சொல்லிவிட்டதால் அரங்கத்தில் உட்கார இடமில்லை. மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஒரு பெண் டாக்டர் பேசினார். என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூடுதலாக இருக்கும். நல்ல ஹிந்தி.

புகையிலையால் வாயில் வரும் புண்களைத் திரையில் காட்டியபோது பின்வரிசையில் சிலர் வாயில் வைத்திருந்ததை மெதுவாக விழுங்கியிருப்பார்கள். பிறகு மார்பகப் புற்றுநோய் பற்றிச் சொன்னார். பெண்கள் பக்கம் தலைகள் குனிந்தன, பையன்கள் பக்கம் கூரையைப் பார்த்தோம். முடிந்துவிட்டது என்று பைகளை எடுக்கத் தொடங்கியபோது அவர், "அப் லட்கோன் கீ பாரி" என்றார். இனி பையன்களின் முறை.

விரையில் வரும் புற்றுநோயைப் பற்றித்தான் அவர் சொல்ல வந்தார். பாடப்புத்தக ஹிந்தியில் அந்த உறுப்பின் பெயரைச் சொன்னதும் அரங்கம் வெடித்துச் சிரித்தது. அவர் கோபப்படவில்லை. நன்றாகச் சிரித்துக்கொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, மேசையிலிருந்த பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். சிரிப்பு தானாக அடங்கியது.

"இது கிழவர்களின் நோய் இல்லை. உங்கள் வயதில் வருவது. வலிக்காது, அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. மாதம் ஒருமுறை குளிக்கும்போது தொட்டுப் பாருங்கள். கட்டியோ, கனமோ, கெட்டியாகவோ தெரிந்தால் வெட்கப்படாமல் வாருங்கள். பல நேரம் வேறு ஏதாவது சாதாரணக் காரணமாக இருக்கும். புற்றுநோயாகவே இருந்தாலும் பெரும்பாலும் முழுதாகக் குணமாக்கிவிட முடியும்."

அவ்வளவுதான் பேசினார். எல்லோரும் எழுந்து வெளியே போனோம். கேன்டீனில் அன்று முழுக்க அதை வைத்துத்தான் கேலி. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் மட்டும் எதிலும் சேரவில்லை.

அவன் என் வகுப்பு. வடக்கே ஒரு பகல் பஸ் தூரத்தில் இருக்கும் ரங்கத் ஊருக்கு உள்ளே ஒரு கிராமத்துப் பையன். அப்பாவுக்குக் கொஞ்சம் பாக்குத் தோட்டம், காய்கறி. அம்மா வாழைக்காயும் கீரையும் ரங்கத் பஜாரில் கொண்டுவந்து போடுவார். கல்லூரி ஃபுட்பால் அணியில் அவன்தான் தடுப்பு ஆட்டக்காரன். அவனைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோக ஆள் கிடையாது. ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் மின்னி பேயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். என் அம்மா அவனுக்கென்றே மீன் தலையை எடுத்து வைப்பாள்.

அந்த ஞாயிறு சாப்பிட்டு முடித்ததும், "சும்மா நடந்துட்டு வரலாம் வா" என்று கூப்பிட்டான். கடலோரச் சாலையில் நடந்தோம்.

"டேய், அந்த டாக்டர் மேடம் கடைசியா ஒண்ணு சொன்னாங்கல்ல."

"ஆமா."

"எனக்கு அப்படி இருக்குடா. மத்லப்... ஒரு பக்கம் கல்லு மாதிரி இருக்கு. வலியெல்லாம் இல்ல."

நான் நின்றுவிட்டேன். அவன் நிற்காமல் நடந்தான், நான் எட்டிப் பிடித்தேன்.

"எப்போலேர்ந்து?"

"மேட்ச்ல பந்து பட்டுச்சுல்ல, அதுல வீங்கினதுன்னு நெனச்சேன். அதுக்கு முன்னாடியே இருந்திருக்கும்னு இப்பத் தோணுது."

"நாளைக்கே ஆஸ்பத்திரி போவோம்."

"எக்ஸாம் முடியட்டும்டா. வலி இல்லையே."

"வலி இருக்காதுன்னுதானே அவங்க சொன்னாங்க."

"டீக் ஹை" என்று ஒத்துக்கொண்டான். குரல் கம்மியிருந்தது. மைதானத்தில் எதிரணியே பயப்படும் அந்த உடம்புக்குள் இப்படி ஒரு சின்னக் குரல் இருக்கும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

மறுநாள் ஓ.பி.யில் சீட்டு வாங்கினோம். எதற்கு என்று கவுன்டரில் கேட்டபோது அவன் என்னைப் பார்த்தான், நான் சுவரைப் பார்த்தேன். தமிழில் அந்தச் சொல் எங்களுக்குத் திட்டுவதற்கு மட்டும்தான் தெரியும். ஹிந்தியிலும் அப்படியே. கடைசியில் "சர்ஜரி டாக்டரைப் பார்க்கணும்" என்றான். அது போதுமானதாக இருந்தது.

ஸ்கேன் அறைக்குள் என்னை விடவில்லை. வெளியே வந்தவன், "திரைல எல்லாம் சாம்பல் கலர்ல கடல் மாதிரி இருந்துச்சுடா. நடுவுல ஒரு தீவு" என்றான். சர்ஜன் வயதானவர். அறிக்கையைப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார். இது புற்றுநோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம், அந்த விரையை எடுத்துவிட வேண்டும், ஒன்று இருந்தாலே வாழ்க்கைக்குப் போதும், தள்ளிப்போடாமல் சென்னைக்குப் போங்கள். நண்பன் தலையாட்டினான். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அறிக்கையை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தான்.

"அம்மாகிட்ட எப்படிடா சொல்றது? வயித்துல கட்டின்னு சொல்லிடலாமா?"

"நானும் வரேன்" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அடுத்த நாள் விடியலுக்கு முன்பே ரங்கத் பஸ் பிடித்தோம். காட்டுச் சாலையில் வண்டிகளைக் கூட்டமாகத்தான் விடுவார்கள். அந்தக் கான்வாய்க்காகக் காத்திருந்தபோதும், காட்டுக்குள் போனபோதும், பஸ்ஸோடு படகில் ஏறி உப்பங்கழியைக் கடந்தபோதும் அவன் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தபடி இருந்தான். ஒவ்வொரு முறையும் வாக்கியம் அந்தச் சொல்லுக்கு முன்னால் நின்றுவிடும்.

அவன் வீட்டில் எங்களைப் பார்த்ததும் அம்மா பயந்துபோனார். நடுவாரத்தில் மகன் வந்திருக்கிறான், கூடவே ஒரு சிநேகிதன். தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அப்பா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"ம்மா... ஒரு கட்டி வந்திருக்கு. ஆபரேஷன் பண்ணணுமாம்."

"எங்கய்யா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "கேன்சரா இருக்கும்னு சொல்றாங்க அத்தே. கீழே..." என்றேன். அதற்கு மேல் எனக்கும் வரவில்லை.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்பதைப் போலக் கேட்டார்:

"எந்த விரைய்யா? வலதா, இடதா?"

நண்பன் நிமிர்ந்தான். "இடது" என்றான்.

"இதச் சொல்லத்தான் ரெண்டு பேரும் இப்படி முழிச்சீங்களா? உன்னக் குளிப்பாட்டி வளர்த்தவ நான். என்கிட்ட என்னய்யா வெக்கம்?"

அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினார், கண் சிவந்திருந்தது. அம்மா அதற்குள் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்திருந்தார். ரங்கத்திலேயே பிறந்து, போர்ட் பிளேருக்கே எண்ணி நாலைந்து முறை வந்தவர் அவர். மெயின்லேண்டைக் கண்ணால் கண்டதில்லை. "பிளேன்ல போனா சீக்கிரம்ல?" என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே மகனோடு சென்னைக்குப் போய் இறங்கினார்.

ஆபரேஷன் முடிந்தது. தொடை மடிப்பில் கீறி, அந்த வழியாகவே எடுத்துவிட்டார்களாம். ஆனால் வயிற்றுக்குள் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கு நோய் கொஞ்சம் பரவியிருந்ததால் கீமோ வேண்டும் என்றார்கள். நான் செமஸ்டர் விடுமுறை வரும்வரை காத்திருந்தேன். என் அப்பா ஃபீனிக்ஸ் பேயில் கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பவர், சென்னைக் கப்பலில் எனக்கு மலிவான பங்க் வகுப்பில் ஒரு டிக்கெட் வாங்கிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜில் அவர்கள் தங்கியிருந்தார்கள். கதவைத் திறந்தவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலையில் முடியில்லை, புருவம்கூட இல்லை. தோளெலும்பு தெரிந்தது. சிரித்தபோதுதான் அவன் என்று தெரிந்தது.

"பயந்துட்டியா? பயப்படாத. மருந்து வேலை செய்யுதாம்."

அடுத்த நாள் கீமோ வார்டில் அவன் கட்டில் அருகே உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் ஒரு பையைத் தொங்கவிட்டுப் போனார். அதில் ஒட்டியிருந்த பெயரைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. சிஸ்பிளாட்டின். முந்தைய செமஸ்டரில் நாங்கள் இருவரும் நோட்டில் வரைந்த மூலக்கூறு. நடுவில் பிளாட்டினம், ஒரு பக்கம் இரண்டு அம்மோனியா, மறு பக்கம் இரண்டு குளோரின். குளோரின்கள் அடுத்தடுத்து இருந்தால் மருந்து. அவையே எதிரெதிராக இடம் மாறி உட்கார்ந்தால் இந்த நோய்க்குப் பயன்படாத வேறொரு பொருள். தேர்வுக்காக மனப்பாடம் செய்த வரி அது. இப்போது அது சொட்டுச் சொட்டாக என் நண்பனின் நரம்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நகைக்கடையில் கண்ணாடிக்குள் வைக்கும் உலோகம், கண்ணுக்குத் தெரியாத அளவில் அவன் ரத்தத்தில் ஓடி, ஒவ்வொரு செல்லாகத் தேடிப் போகிறது. யாரோ எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் குனிந்து பார்த்துக் கண்டுபிடித்ததால், ரங்கத்தின் ஒரு பாக்குத் தோட்டத்துப் பையன் பிழைக்கப் போகிறான். வேதியியல் என்பது வேலைக்கான பட்டம் என்று நினைத்திருந்தவன் நான். அன்று அந்தப் பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்டர்னல்ல இந்தக் கேள்விக்கு எனக்கு மார்க் கட் பண்ணாரு, ஞாபகம் இருக்கா?" என்றான்.

"ஏன்?"

"குளோரின் ரெண்டையும் எதிரெதிர்ல போட்டுட்டேன்."

"நல்லவேளை, இவங்க சரியாப் போட்டிருக்காங்க."

சிரிக்கத் தெம்பில்லாமல் சிரித்தான். அன்று சாயங்காலம் முழுக்க வாந்தி. அம்மா பிளாஸ்டிக் பேசினைப் பிடித்துக்கொண்டு முதுகைத் தடவியபடி இருந்தார். அவன் தூங்கிய பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ படிச்ச புள்ள. ஒண்ணு கேக்கணும். மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி இவன்கிட்டேர்ந்து விந்து எடுத்து ஐஸ்ல வச்சிருக்காங்கல்ல. இந்த மருந்தால பின்னாடி குழந்தை பொறக்காமப் போனா, அத வச்சுப் பொறக்க வைக்கலாமாம். நெசமா?"

"நெசந்தான் அத்தே. ரொம்பக் குளுமையில வைப்பாங்க. எத்தனையோ வருஷம் கெடாம இருக்கும்."

"கையெழுத்துப் போடுறப்ப இவன் கூச்சத்துல செத்தான். நான்தான் போய்யா போய்யான்னு தள்ளி விட்டேன்." தெருவைப் பார்த்தார். கீழே பஸ்களும் ஆட்டோக்களும் நெருக்கியடித்துப் போய்க்கொண்டிருந்தன. "இந்த ஊருல எனக்கு யாருமே இல்லன்னு நெனச்சு வந்தேன் தம்பி. இப்பப் பாரு. என் பேரப்புள்ளைங்க இங்கதான் எங்கயோ இருக்காங்க. இன்னும் பொறக்கவே இல்ல, ஆனா இருக்காங்க."

அவர் அதைச் சோகமாகச் சொல்லவில்லை. கோயிலில் நிற்பவரைப் போல நின்றுகொண்டு சொன்னார்.

நான் அங்கே இருந்த நாட்களில் அவரைக் கவனித்தேன். லாட்ஜ் மாடியில் நோயாளிகளோடு வந்தவர்கள் ஒன்றாகச் சமைப்பார்கள். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். மகனுக்கு எங்கே நோய் என்று யாராவது கேட்டால் அவர் ஒளிக்கவே மாட்டார். விரையில் வந்தது, எடுத்துவிட்டார்கள், குணமாகிறது என்று நேராகச் சொல்லுவார். முதலில் கேட்பவர்கள் நெளிவார்கள். பிறகு தங்கள் வீட்டு நோயைப் பற்றி அவரிடம் மட்டும் பேசத் தொடங்குவார்கள். கருப்பையில் வந்ததென்று ஒரு பெண், ஆசனவாயில் வந்ததென்று ஒரு கிழவர். அதுவரை வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

ரத்தப் பரிசோதனையில் நோயைக் காட்டும் அளவு ஒவ்வொரு முறையும் சரிந்து, கடைசியில் எல்லோருக்கும் இருக்கும் அளவுக்கே வந்து நின்றது. வயிற்று ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. போனில் அதைச் சொன்னபோது அவன் குரல் பழையபடி கனத்திருந்தது. ஊர் திரும்பிக் கொஞ்ச நாள் தேறி, எங்கள் ஜூனியர்களோடு சேர்ந்து படிக்க வந்தான். தலையில் முடி சுருள்சுருளாக முளைத்திருந்தது. முன்பு நேராக இருந்த முடி.

கல்லூரியில் பாதிப் பேருக்கு அவனுக்கு என்ன வந்ததென்று தெரியாது. ரத்தப் புற்றுநோய் என்று ஒரு கதை, கிட்னி என்று இன்னொரு கதை. அவன் எதையும் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. மறுபடி அந்த விழிப்புணர்வுக் கூட்டத்துக்கான நாள் வந்தபோது நேராகத் துறைத்தலைவரிடம் போய், தான் பேச வேண்டும் என்றான். நானும் கூடப் போயிருந்தேன்.

துறைத்தலைவர் நல்ல மனிதர்தான். யோசித்துவிட்டு, "பையன்களை மட்டும் தனியா உட்கார வச்சுப் பேசலாமே" என்றார்.

"வேணாம் சார். பொண்ணுங்களும் இருக்கட்டும். என் அம்மா இல்லன்னா நான் இல்ல."

அன்று மேடையில் அதே பெண் டாக்டர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். இவன் மைக்கைப் பிடித்தபோது நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தீவு ஹிந்தியில், டீக்கடையில் பேசுவதைப் போலத் தொடங்கினான். எனக்குப் போன வருடம் கேன்சர் வந்தது என்றான். எங்கே என்று சொன்னான். பாடப்புத்தகச் சொல்லைச் சொன்னான், பிறகு எல்லோருக்கும் தெரிந்த தெருச் சொல்லையும் சொன்னான். எங்கோ ஒரு சிரிப்பு எழுந்தது.

"சிரிங்க. இதே ஹால்ல போன தடவை எல்லாரும் சிரிச்சாங்க. அப்ப எனக்குள்ள அது இருந்துச்சு" என்றான்.

அவன் எப்படித் தொட்டுப் பார்ப்பதென்று சொன்னான். பந்து பட்டதென்று நினைத்துத் தான் விட்டுவிட்டதைச் சொன்னான். ஒன்றை எடுத்துவிட்டால் ஆண்மை போய்விடுமா என்று யாரும் கேட்காமலே எடுத்துச் சொல்லி, இல்லை என்றான். தான் மறுபடி ஃபுட்பால் ஆடுவதைச் சொன்னான். ஐஸில் வைத்ததைக்கூடச் சொன்னான். பேரப்பிள்ளைகளைப் பற்றி அம்மா சொன்னதை நான் அவனிடம் சொல்லியிருந்தேன். அதை அப்படியே ஹிந்தியில் சொன்னபோது, பெண்கள் பக்கத்தில் சிலர் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இருபது வயதுக்காரன் ஒருவன், ஊரே பார்க்கத் தன் உடம்பின் மிக அந்தரங்கமான இழப்பை எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்கிறான். கப்பல்களும் புயல்களும் பார்த்து வளர்ந்தவன்தான் நான். அதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை.

கேள்வி இருக்கிறதா என்றான். முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி எழுந்தாள். தெலுங்குக் குடும்பம், அண்ணன் மீன்பிடிப் படகில் போகிறவன்.

"என் அண்ணன் காலேஜ் வரலையே. அவன் படகுல இருக்கிறவங்க யாரும் வரல. அவங்களுக்கு யார் சொல்வா?"

மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நண்பன் மேடை விளிம்புக்கு வந்தான். "சலோ, நாம போவோம். தெலுங்கு எனக்கு வராது. நீ சொல்வியா?" என்றான்.

அவள் உடனே தலையாட்டவில்லை. உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ பேசி, மறுபடி எழுந்து, "சொல்றேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மீன்பிடிப் படகுத்துறைக்கு மூவரும் போனோம். படகுகள் வந்து இறக்கி முடிந்திருந்த நேரம். அவள் அண்ணனும் ஏழெட்டுப் பேரும் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தங்கை காலேஜ் பையன்களோடு வந்து நிற்பது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். நண்பன் ஹிந்தியில் தன்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான்.

அவள் பேச ஆரம்பித்தாள். எனக்குத் தெலுங்கு அரைகுறை. ஆனால் எந்த இடத்தில் அந்தச் சொல் வந்தது என்று தெரிந்தது. வலை பிரித்த கைகள் எல்லாம் ஒன்றாக நின்றன. அண்ணன் எழுந்து அவளை அதட்டினான். அவள் ஓரடி பின்வாங்கினாள், குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. அழுதுகொண்டே முழுவதையும் சொல்லி முடித்தாள். எப்படிப் பார்ப்பது என்பதுவரை.

அண்ணன் நின்றுகொண்டே இருந்தான். பிறகு உட்கார்ந்து வலையை எடுத்தான். அவர்களில் வயதில் மூத்த படகோட்டி, ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, "கூச்சோம்மா" என்று அவளை உட்காரச் சொன்னார். அவருக்கு ரொம்ப நாளாக ஒரு வீக்கம் இருந்திருக்கிறது. நண்பனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். மறுநாள் அவரை அதே சர்ஜனிடம் கூட்டிப்போனோம். வெறும் நீர் கோத்த வீக்கம்தான், சின்ன ஆபரேஷன் போதும் என்றார்கள்.

நண்பன் இப்போது எம்.எஸ்சி. படிக்கிறான். இடைவெளி விட்டுச் சென்னைக்குப் போய்ச் சோதித்துவிட்டு வருகிறான், இதுவரை எல்லாம் சுத்தம். அந்தப் பெண்ணும் அவள் தோழிகளும் மாதத்தில் ஒரு ஞாயிறு படகுத்துறைகளுக்குப் போகிறார்கள். போன மாதம் நான் ஃபீனிக்ஸ் பே பக்கம் போயிருந்தேன். அப்பாவின் பட்டறை வாசலில் டீ இடைவேளையில் அவள் பேசிக்கொண்டிருந்தாள். கிரீஸ் படிந்த கைகளோடு ஆண்கள் வட்டமாக நின்று கேட்டார்கள். அவர்களுக்கு நடுவில் என் அப்பா டீ கிளாஸைக் குடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பக்கத்தில், மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டு, அவள் அண்ணன் நின்றிருந்தான்.